அத்தையின் ஓட்டு வீடு

சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் சீமை ஓட்டின் மேல் கோடை மழையின் முதல் துளிகள் விழும்போது ஒரு வாசனை எழும். புதுப் பானையில் தண்ணீர் ஊற்றினால் வருகிற வாசனைதான். ஆனால் ஒரு வீட்டின் கூரை முழுவதிலிருந்தும் அது ஒரே சமயத்தில் இறங்கி வரும்போது, வீட்டுக்குள் இருப்பவர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு மூச்சை இழுத்துக்கொள்வார்கள். பாளையங்கோட்டையில் என் அத்தை வீட்டில் வளர்ந்த எனக்கு, தேர்தல் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த வாசனைதான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயம். ஒரே ஒரு சொல்லால் வந்த சம்பந்தம் அது.

நான் சொல்வது, எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் பழைய வெள்ளைக்கார ராஜாவின் படத்தை இறக்கிவிட்டுப் புது ராஜாவின் படத்தை மாட்டியிருந்த சமயம். அத்தை என்றால் அப்பாவின் அக்காள், பெயர் பொன்னம்மாள். உடன்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மாமா இளவயதிலேயே இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கொழுந்தன்மார் ஒரு பத்திரத்தை விரித்து, "சும்மா ஒரு ரேகைதான் மதினி" என்றார்களாம். அழுதுகொண்டே அத்தை பெருவிரலை நீட்டினாள். மாமாவின் பங்குப் பனங்காடு அந்தப் பெருவிரலோடு போயிற்று. அதற்கப்புறம் கையில் காகிதத்தோடு யார் வீட்டுப்படி ஏறினாலும், அத்தையின் பெருவிரல் தானாக உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்ளும். சின்ன வயதில் அது ஏதோ வாதக் கோளாறு என்று நான் நினைத்திருந்தேன்.

பிறந்த ஊருக்குத் திரும்பி வந்த அத்தை, உடன்குடிக் கருப்பட்டியை மொத்தமாக வாங்கி விற்றுத் தன் காலில் நின்றாள். ஒரு பங்குனியில் தெருவின் ஓலைக் கூரைகள் வரிசையாகப் பற்றி எரிந்தபோது அத்தையின் கூரையும் சாம்பலாயிற்று. "இனிமே தீ வந்து எதைத் திங்கும், பாத்துருதேன்" என்று சொல்லி, கொல்லத்திலிருந்து செங்கோட்டை ரயிலில் சீமை ஓடு வரவழைத்து வீட்டுக்குப் போட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த அப்பாவும் அம்மாவும் நானும் அந்த வீட்டில்தான் இருந்தோம். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு பெட்டியும் ஒரு குடையும் தவிர வேறொன்றும் கிடையாது.

அப்பாவுக்கு ஒரு பைத்தியம் இருந்தது, அது சட்டசபை. சென்னைப் பத்திரிகை பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் முதல் ஆளாகப் படித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை எங்களுக்கு நடித்துக் காட்டுவார். யாரோ ஒரு கனவான் எழுந்து கேள்வி கேட்டார் என்றால் அப்பாவும் எழுந்து நிற்பார். ஒருநாள் "சட்டசபையில நம்ம ஊரு ஆளு யாருப்பா?" என்று நான் கேட்கப்போக, பாடம் நடத்த ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் அவர் சாக்குக்கட்டியை எடுத்துத் தரையிலேயே வரைய ஆரம்பித்துவிட்டார். மேற்கே மலை, அங்கிருந்து நெளிந்து வரும் தாமிரவருணி, கிழக்கே கடல். அதற்கு வடக்கே இன்னும் சில ஜில்லாக்கள். எல்லாவற்றையும் சுற்றி ஒரு பெரிய வளையம். இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு மெம்பர். அவரையும் ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. முனிசிபாலிட்டிகளிலும் போர்டுகளிலும் இருக்கிற மெம்பர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். முனிசிபாலிட்டி மெம்பரை மட்டும் வார்டில் ஓட்டு உள்ளவர்கள் தேர்ந்தெடுக்கலாம். ஆக, வார்டு முதற்படி, முனிசிபாலிட்டி இரண்டாம் படி, சட்டசபை மேலே இருக்கிற மச்சு.

சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்தாள். "இம்புட்டு ஊருக்கும் ஒத்த ஆளாலே? வீட்டுக்கு ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வந்தாக்கூட அவன் ஆயுசுக்கும் சுத்தி முடிக்க மாட்டானே."

அப்பா சிரிக்கவில்லை. சட்டசபை விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

அந்த வருஷம் எங்கள் வார்டில் தேர்தல் வந்தது. பழைய மெம்பரை எதிர்த்து ஒரு வக்கீல் நின்றார். அப்பா அவர் பேச்சை ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்து, "மச்சுக்குப் போகப் பிறந்த மனுஷன்" என்று முடிவு கட்டிவிட்டார். வார்டில் ஜெயித்தால்தான் வக்கீல் அடுத்த படியில் கால் வைக்க முடியும். அவருடைய குமாஸ்தா தெருத் தெருவாக வந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்த நேரம் நான்தான் வாசலில் நின்றேன்.

"ஏ பாப்பா, இந்த வீட்டுல வோட்டு இருக்கா?"

"இருக்கே."

"எத்தன?"

நான் அண்ணாந்து பார்த்தேன். "எண்ணல. போன மழையில ரெண்டு ஒடஞ்சுச்சு, அத்தை மாத்திட்டா."

குமாஸ்தாவும் அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், தெருமுனை வரை அந்தச் சிரிப்பு போயிற்று. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஓட்டு வீட்டில் ஓட்டு இருக்கிறது என்று சொன்னதில் என்ன தப்பு?

அப்பா வந்ததும் வழக்கு அவரிடம் போயிற்று. "ஓடுங்கிறது கூரைமேல கிடக்கது. பக்கத்துல வீடுன்னு ஒரு சொல் வந்தா டகரம் இரட்டிச்சு ஓட்டு வீடுன்னு ஆகும். இவங்க சொல்ற வோட்டு இங்கிலீஷ்காரன் சொல்லு. அதுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு அந்தத் தீர்ப்பில் நம்பிக்கை வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும், குமாஸ்தா எந்தெந்த வீட்டில் உட்கார்ந்து பேசுகிறார், எந்தெந்த வீட்டைத் திரும்பியும் பார்க்காமல் போகிறார் என்று பின்னாலேயே நடந்து பார்த்தேன். உட்கார்ந்த வீடெல்லாம் ஓட்டு வீடு. தாண்டிப் போனதெல்லாம் ஓலை வீடு. கண்ணால் கண்டதை விட்டுவிட்டு டகரத்தை நம்ப முடியுமா? முனிசிபாலிட்டிக்கு இவ்வளவு தீர்வை கட்டினால்தான் ஓட்டு என்று ஒரு விதி இருந்ததும், ஓலை வீட்டின் தீர்வை அந்த அளவுக்கு எட்டாது என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நான் மட்டும்தான் அப்படி நினைத்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். எங்களுக்கு ஓடு ஏற்றி வந்த வண்டிக்காரர் சுடலை எதிர் வரிசையில் ஓலை வீட்டில் இருந்தார். அவர் அத்தையிடம் வந்து தலையைச் சொறிந்தார். "அக்கா, ஒடஞ்ச ஓடு ஒண்ணு இருந்தாக் குடுங்களேன்."

"எதுக்குய்யா?"

"ஓடு போட்டவனுக்குத்தான் ஓட்டுன்னு பேசிக்கிடுதாவ. எனக்குத் தெரிஞ்ச ஓட்டு மாட்ட ஓட்டுறதுதான். இந்த ஓட்டையும் ஒருக்கப் பாத்துருவோமேன்னு."

அத்தை உடைசலைக் கொடுக்காமல் நல்ல ஓடாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சுடலை அதைத் தன் ஓலைக் கூரையின் முகட்டில் பனைநாரால் கட்டி வைத்தார். குமாஸ்தா அதையும் பார்த்தார். ஆனால் உள்ளே போகவில்லை.

எங்கள் வீட்டுக்கு மட்டும் குமாஸ்தா திரும்பத் திரும்ப வந்தார். காரணம் இதுதான்: தீர்வை கட்டும் வீடு, ஆனால் வீடு அத்தையின் பேரில் இருந்தது. பெண்களுக்கு ஓட்டு கிடையாது. வீட்டை அப்பாவின் பேருக்கு மாற்றிவிட்டால் அப்பாவுக்கு ஓட்டு வந்துவிடும். குமாஸ்தா சொல்லிச் சலித்து, கடைசியில் வக்கீலே ஒரு ஞாயிற்றுக்கிழமை குதிரைவண்டியில் வந்து இறங்கினார். அப்பா பெஞ்சியைத் துண்டால் துடைத்த துடைப்பில் அதன் பாலிஷே போயிருக்கும். அத்தை கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுடைய பெருவிரல் மடங்கியிருந்தது.

"அம்மா, வீடு உங்க பேர்ல இருக்கிற வரைக்கும் இந்த வோட்டு செத்த வோட்டு. தம்பி பேருக்கு மாத்திட்டா உயிர் வந்துரும். வோட்டர் ஜாபிதா போடுறதுக்கு முந்தி முடிக்கணும்" என்றார் வக்கீல்.

"தீர்வைய யாரு கட்டுதா?" என்றாள் அத்தை.

"நீங்கதான்."

"பொம்பள கட்டுன தீர்வை செல்லுதா?"

"செல்லும்மா."

"அப்பம் ஓட்டு மட்டும் ஏன் செல்லல?"

வக்கீல் சிரித்தார். "சட்டம் அப்படி இருக்கு."

"சட்டத்த எங்கன போடுதாவ?"

"சட்டசபையில."

"நீங்க அங்கனதான போகணும்ங்கிய?"

"போகணும்."

"போயி அத மாத்திட்டு வாங்க. பொறவு வீட்ட மாத்துறதப் பத்திப் பேசுவோம்."

வக்கீல் காப்பியை முழுதும் குடித்துவிட்டு மரியாதையாகத்தான் எழுந்து போனார். கோர்ட்டில் அவரை யாரும் இப்படி மடக்கியிருக்க மாட்டார்கள் என்று அம்மா அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது.

"அக்கா, நான் உன்ன ஏமாத்துவேனா?"

"நீ நல்லவன்தாம்லே. பத்திரமும் நல்லதா இருக்கணும்லா? இன்னைக்கு உன் பேருக்குப் போகும். உனக்குப் பொறவு யாரு பேருக்குப் போகும்னு நீ சொல்ல முடியுமா?"

"வீட்டுக்காக இல்லக்கா. இந்த ஊர்ல நானும் ஒரு மனுஷன்னு ஒரு காகிதத்துல இருக்கும்." அப்பாவின் குரல் உடைந்தது. வகுப்பில் எத்தனையோ பேரை நடுங்க வைத்த குரல் அது. நான் அன்றைக்குத்தான் முதல்முறையாக அப்பாவுக்காக வருத்தப்பட்டேன். அதே நேரத்தில் அத்தை ரேகை வைத்துவிடக் கூடாதே என்று பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். இருந்தது.

அத்தை வைக்கவில்லை.

தேர்தல் முடிந்தது. வக்கீலுக்கும் பழைய மெம்பருக்கும் ஓட்டுகள் சரிசமமாக விழுந்தன. திருவுளச்சீட்டுப் போட்டு எடுத்தார்கள். சீட்டு பழைய மெம்பருக்கு விழுந்தது. அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒரு ஓட்டு" என்றார். "சாமி எடுத்த சீட்டு, நாம என்ன செய்ய?" என்று அத்தை சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அதோடு அப்பா அத்தையிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில், ஒரே உலைச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் என் வழியாகப் பேசினார்கள். "உங்க அத்தைட்ட எனக்கு ரசம் போதும்னு சொல்லு" என்பார் அப்பா, அத்தை கையில் ரசச் சட்டியோடு எதிரேயே நிற்கும்போது. நான் ஒரு எட்டு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வருவேன். முதலில் விளையாட்டாக இருந்தது. பிறகு அத்தை தனியாக உட்கார்ந்து தன் பெருவிரலை மற்றக் கையால் நீவிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது விளையாட்டாக இல்லை.

மாசக்கணக்கில் இழுத்த அந்தப் பிணக்கைத் தீர்த்து வைத்தது மனிதர்கள் இல்லை, ஐப்பசி மழை. ஓர் ஓடு நழுவி, சரியாகக் கருப்பட்டிச் சிப்பங்களின் மேல் ஒழுக ஆரம்பித்தது. அத்தை பதறிச் சத்தம் போட, அப்பா ஏணியைச் சாத்தி மேலே ஏறிவிட்டார்.

"எந்தப் பக்கம்க்கா ஒழுகுது?"

"வலது கைப்பக்கம்லே. பைய, பைய. வழுக்கும்."

பேச்சு வந்துவிட்டது. ஆனால் தேர்தலில் விழாமல் போன அந்த ஒரு ஓட்டைப் பற்றி மட்டும் இருவரும் அப்புறம் வாய் திறக்கவில்லை.

வருஷங்கள் ஓடின. நான் படித்து முடித்து, எங்கள் பள்ளியிலேயே டீச்சரானேன். சட்டசபை மெம்பரை ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஏற்பாடு வந்தது. பின்னாலேயே இன்னொன்றும் வந்தது: தீர்வை கட்டும் பெண்களுக்கும் ஓட்டு உண்டு. எங்கள் வக்கீல் போய் அதை மாற்றவில்லை. அவர் இன்னும் மச்சுக்கு ஏறியிருக்கவில்லை. யாரோ மாற்றினார்கள். செய்தியைக் கொண்டு வந்தவர் அப்பாதான். "அக்கா, ஜாபிதாவுல உன் பேரு இருக்கு" என்றார். தன் பெயர் இருக்கிறதா என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சொந்தமாகப் பெட்டியும் குடையும் மட்டும் உள்ளவருக்கு அப்போதும் ஓட்டு கிடையாது.

அன்று சாயங்காலம் அப்பா மறுபடியும் தரையில் தொகுதி வரைந்தார். இம்முறை படம் மிகச் சின்னது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி, இந்தப் பக்கம் பாளையங்கோட்டை, நடுவே பாலம். இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு தொகுதி. அத்தை குனிந்து பார்த்து, "இப்பம் சரி. காப்பி ஆறுறதுக்குள்ள சுத்தி வந்துரலாம்" என்றாள். இந்தத் தடவை அப்பாவும் சிரித்தார்.

வக்கீல் அந்தத் தேர்தலில் நேராகச் சட்டசபைக்கே நின்றார். அவருக்கு ஓட்டுப் போடு என்று அப்பா அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டு இல்லை என்று ஆனது ஒருமுறை போதும் என்று நினைத்திருப்பார். தேர்தலன்று அத்தைக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். ஓட்டுப் போட வைத்திருந்த சர்க்கார் ஆபீஸ் வாசலில் போலீஸ்காரர் கையை நீட்டி, "ஓட்டு உள்ளவங்க மட்டும்" என்றார். அப்பா வேப்பமரத்தடியில் என்னோடு நின்றுகொண்டார். அத்தை பெருவிரலை மடக்கியபடியே உள்ளே போனாள். ஆண்களும் வெள்ளைக்காரத் துரைமாரும் நடமாடிய அந்தக் கட்டடத்துக்குள் வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக அவள் நுழைந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

வெளியே வந்ததும் அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "யாருக்குப் போட்டக்கா?"

"ரகசியமா வச்சிக்கிடணும்னு நீதானலே நேத்து பூரா பாடம் நடத்துன?"

வக்கீல் தோற்றுப்போனார். ஒரு ஓட்டில் இல்லை, ஏராளமான ஓட்டில். கொஞ்ச நாள் கழித்து, புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது அத்தை தானாகவே என்னிடம் சொன்னாள். "உங்கப்பன் ஆளுக்குத்தாம்ட்டி போட்டேன். வீட்டக் கேட்டான், குடுக்க முடியல. ஓட்டையாவது அவனுக்குக் குடுப்போம்னு தோணிச்சு. அவன்ட்ட சொல்லிராத. சொன்னா அழுதுருவான். அவன் அழுதா எனக்குத் தாங்காது."

நான் சொல்லவில்லை. அத்தை இறக்கும்போது வீட்டை என் பேருக்கு எழுதி வைத்திருந்தாள். அடியில் பெருவிரல் ரேகை, கோடுகூடக் கலையாமல் தெளிவாக விழுந்திருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் செஞ்சிருக்கா" என்றார்.

வீடோ தீர்வையோ வேண்டாம், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று ஆகி முதல் தேர்தல் வந்தபோது அப்பா தள்ளாத கிழவர். விடியும் முன்பே குளித்து வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட வாசலில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. எங்களுக்குச் சற்று முன்னால் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு சுடலை நின்றார். என்னைக் கண்டதும் பொக்கை வாய் திறந்து, "ஓட்டு வந்துட்டு தாயி. ஓடுதான் இன்னும் வரல" என்றார்.

வரிசை நகர நகர நானும் அப்பாவும் ஒரே நேர்கோட்டில் வந்தோம். அப்பா சட்டென்று என் பக்கம் சாய்ந்தார். "ஏட்டி, அன்னைக்கு எங்கக்கா யாருக்குப் போட்டான்னு உனக்குத் தெரியுமா?"

இத்தனை வருஷம் அதை மனசிலேயே வைத்திருந்திருக்கிறார். அத்தை மன்னிக்கட்டும் என்று எண்ணிக்கொண்டு சொல்லிவிட்டேன். "உங்க வக்கீலுக்குத்தாம்ப்பா. உங்களுக்காகத்தான் போட்டா."

அத்தை சொன்னபடியே ஆயிற்று. மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்பா அழுதார். பின்னால் நின்றவர், "என்ன அண்ணாச்சி, வெயிலா?" என்று கேட்க, "ஆமா, வெயிலுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தன் வாழ்நாளின் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தார்.

அப்பா போய்ச் சேர்ந்து நெடுநாளாயிற்று. எங்கள் தெருவில் ஓலை வீடுகள் முதலில் போயின, பிறகு ஓட்டு வீடுகளும் ஒவ்வொன்றாகப் போயின. சுடலையின் பேரன் நேரே காங்கிரீட் மட்டப்பாவே போட்டுவிட்டான்; ஓடு அவர்கள் வீட்டுக்கு வரவேயில்லை. ஒழுகல் பொறுக்க முடியாமல் போன கோடையில் நானும் சீமை ஓடுகளை இறக்கிவிட்டுக் காங்கிரீட் போட்டேன். முதல் மழை பெய்தது. வீட்டுக்குள் எந்த வாசனையும் வரவில்லை.

இறக்கிய ஓடுகளைக் கொல்லையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து நின்றாள். "இது என்னது டீச்சர்?"

"ஓடு. இந்த வீடு ஓட்டு வீடா இருந்துச்சுல்லா?"

"ஓட்டு வீடுன்னா? எல்லாரும் ஓட்டுப் போட வருவாங்களே, அந்த வீடா?"

டகரம் இரட்டிப்பதை எடுத்துச் சொல்ல வாய் வரை வந்தது. கையிலிருந்த ஓட்டை அடுக்கின் மேல் வைத்தேன்.

"ஆமா பிள்ள, ஒரு ஓட்டுப் போட்ட வீடு" என்றேன்.